மரவட்டையின் கால், ஈயின் சிறகு, மண்ணுளியின் முள்

செம்பட்டியிலிருந்து திண்டுக்கல், வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரம், நிலக்கோட்டை என்று நான்கு பக்கமும் சாலைகள் பிரிகின்றன. கிழக்கே சிறுமலை, மேற்கே பழனிமலை, நடுவில் தென்னையும் வாழையும் விளையும் சமவெளி. பேருந்துக்குக் காத்திருக்கும் கால்மணி நேரத்தில் பழக்கடைப் பக்கம் சற்று நின்று பார்த்தால் போதும். வெட்டிய பழத்தில் ஈயும் உட்கார்ந்திருக்கும், தேனீயும் உட்கார்ந்திருக்கும். தேனீக்குச் சிறகு நான்கு, ஈக்கு இரண்டு. முதல் மழை விழுந்ததும் தோட்டத்து ஈர மண்ணில் மரவட்டை ஊரும். அதன் உடலின் பெரும்பாலான வளையங்களில் இரண்டு ஜோடிக் கால்கள் உண்டு. ஈக்கு மொத்தமே ஆறு கால்தான், ஆறும் மார்பில். உழும்போது மண்ணுக்குள்ளிருந்து மண்ணுளிப் பாம்பு வெளிப்படும். அதற்குக் காலே கிடையாது.

இந்த மூன்று வேறுபாடுகளும் எப்படி வந்தன? ஒரு விலங்கின் உடல் இன்னொரு விலங்கின் உடலாக மாற வேண்டுமானால் மரபணுக்களில் என்ன மாற வேண்டும்? புதிய உறுப்புக்குப் புதிய மரபணு வேண்டுமா? உறுப்பு போனால் அதற்குரிய மரபணுவும் போய்விடுகிறதா? கடந்த ஐம்பது ஆண்டுகளில் உயிரியல் கண்ட விடைகளில் மிக வியப்பானவை இந்தக் கேள்விகளுக்குக் கிடைத்தவை. அந்த விடைகளில் ஒன்றை எழுதியதில் ஹைதராபாத்திலும் புணேயிலும் உழைத்த இந்திய ஆய்வாளர்களுக்கும் பங்கு உண்டு.

எண்ணிக்கையில் இல்லாத விடை

சிக்கலான உடலுக்கு அதிக மரபணுக்கள் தேவைப்படும் என்றுதான் நெடுங்காலம் நம்பப்பட்டது. மரபணுத் தொகுதிகளை எழுத்தெழுத்தாகப் படித்து முடித்தபோது அந்த நம்பிக்கை உடைந்தது. மனிதனிடம் புரதம் தயாரிக்கும் மரபணுக்கள் ஏறக்குறைய 20,000. ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள, ஆயிரத்துக்கும் குறைவான உடல் செல்களே கொண்ட சி. எலிகன்ஸ் என்ற உருளைப்புழுவிடமும் ஏறக்குறைய அதே எண்ணிக்கை. பறக்கவும் பாடவும் சண்டையிடவும் தெரிந்த பழ ஈயிடம் சுமார் 14,000. எண்ணிக்கையை வைத்து உடலை ஊகிக்க முடியாது.

எழுத்துகளின் ஒற்றுமையும் உடலின் ஒற்றுமையைச் சொல்வதில்லை. 1975-இல் மேரி-கிளேர் கிங், ஆலன் வில்சன் இருவரும் மனிதப் புரதங்களையும் சிம்பன்சியின் புரதங்களையும் ஒப்பிட்டு 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். சராசரியாக 99 விழுக்காட்டுக்கும் மேல் ஒற்றுமை. இவ்வளவு சிறிய புரத வேறுபாட்டால் இரு உயிர்களின் உடலிலும் நடத்தையிலும் உள்ள இடைவெளியை விளக்க இயலாது என்று அவர்கள் வாதிட்டார்கள். மரபணு எந்தப் புரதத்தைத் தயாரிக்கிறது என்பதோடு, அது எப்போது, எங்கே, எவ்வளவு தயாரிக்கிறது என்பதையும் பார்த்தாக வேண்டும் என்பது அவர்கள் முடிவு. அன்று அது ஊகம். அதைச் சோதிக்கும் வழி பழ ஈயிடமிருந்து வந்தது.

நான்கு சிறகுள்ள ஈ

ஈயின் இரண்டு சிறகுகளுக்குப் பின்னால், அடுத்த மார்பு வளையத்தில், குண்டூசித் தலை போன்ற இரு சிறு உறுப்புகள் இருக்கின்றன. ஹால்டியர் என்பது அவற்றின் பெயர். பறக்கும்போது அவை வேகமாக அதிர்ந்து, உடல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஈக்கு உணர்த்துகின்றன. மற்ற பூச்சிகளில் பின்சிறகு இருக்கும் இடத்தில்தான் ஈயில் ஹால்டியர் இருக்கிறது. ஈயின் முன்னோர்களுக்கும் நான்கு சிறகுகள் இருந்தன. பின்சிறகே சுருங்கி ஹால்டியர் ஆயிற்று.

1915-இல் கால்வின் பிரிட்ஜஸ் தன் ஆய்வக ஈக்களிடையே ஒரு விசித்திரமான ஈயைக் கண்டார். அதன் ஹால்டியரின் ஒரு பகுதி சிறகாக மாறியிருந்தது. ஓர் உறுப்பு இருக்க வேண்டிய இடத்தில் உடலின் வேறோர் உறுப்பு முளைப்பதற்கு வில்லியம் பேட்சன் 1894-லேயே 'ஹோமியோசிஸ்' என்று பெயர் வைத்திருந்தார். கலிபோர்னியாவின் கால்டெக்கில் எட்வர்ட் லூயிஸ் தன் ஆய்வு வாழ்வு முழுவதையும் இந்த மரபணுப் பகுதிக்குக் கொடுத்தார். பல பிறழ்வுகளை ஒரே ஈயில் சேர்த்து, முழுமையான நான்கு சிறகுகள் கொண்ட ஈயை உருவாக்கினார். அல்ட்ராபைத்தோராக்ஸ் என்ற மரபணு அந்த வளையத்தில் வேலை செய்யாததால் ஹால்டியர் வர வேண்டிய இடத்தில் சிறகு வந்திருந்தது.

1978-இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்த கட்டுரையில் லூயிஸ் ஒரு துணிவான ஊகத்தை முன்வைத்தார். மரவட்டை போன்ற ஒரு முன்னோரிலிருந்து பூச்சி வர, வயிற்றுப் பகுதியில் கால்களை அடக்கும் மரபணுக்கள் தோன்றியிருக்க வேண்டும். நான்கு சிறகுப் பூச்சியிலிருந்து ஈ வர, பின்சிறகை ஹால்டியராக்கும் மரபணுக்கள் தோன்றியிருக்க வேண்டும். உடலின் ஒவ்வொரு பெரிய மாற்றத்துக்கும் ஒரு புதிய மரபணு வரவு. இந்த ஆய்வுக்காக 1995-இல் கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்ட், எரிக் வீஷாஸ் ஆகியோருடன் லூயிஸுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு முன்பே அவருடைய ஊகத்தைச் சோதிக்கும் கருவி மற்றவர்களின் கைக்கு வந்துவிட்டது.

எல்லா விலங்கிலும் ஒரே வரிசை

1983, 84-ஆம் ஆண்டுகளில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் வால்டர் கேரிங்கின் ஆய்வகத்திலும், அமெரிக்காவின் இண்டியானாவில் மாத்யூ ஸ்காட்டின் குழுவிலும் ஒரே கண்டுபிடிப்பு தனித்தனியே நிகழ்ந்தது. ஈயின் உடல் வளையங்களுக்கு அடையாளம் தரும் மரபணுக்களில் 180 எழுத்துகள் கொண்ட ஒரு பகுதி ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தது. அதற்கு ஹோமியோபாக்ஸ் என்று பெயரிட்டார்கள். அந்த 180 எழுத்துகள், புரதத்தில் 60 அமினோ அமிலங்களாகி, டி.என்.ஏ.வைப் பற்றிப் பிடிக்கும் கையாக அமைகின்றன. தவளையிலும் எலியிலும் மனிதனிலும் தேடினார்கள். எல்லாவற்றிலும் அது இருந்தது.

ஹாக்ஸ் என்று இன்று அழைக்கப்படும் இந்த மரபணுக்கள் ஈயில் எட்டு. தலைப் பக்கத்தை வகுப்பவை ஒரு முனையிலும் பின்பக்கத்தை வகுப்பவை மறுமுனையிலுமாக, உடலின் வரிசையிலேயே குரோமோசோமிலும் அமர்ந்திருக்கின்றன. எலியிலும் மனிதனிலும் அதே வரிசை. ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் மேலாகப் பிரிந்து வாழ்ந்த உயிர்களுக்குள் ஒரே பெயர்ப்பட்டியல் அழியாமல் கிடக்கிறது.

கண்ணிலும் இதே கதைதான். 1995-இல் கேரிங்கின் குழு, எலியின் கண் வளர்ச்சிக்குத் தேவையான பாக்ஸ்6 மரபணுவை ஈயின் காலில் வேலை செய்ய வைத்தது. ஈயின் காலில் கண் முளைத்தது. அது எலிக்கண் அல்ல, பல முகப்புகள் கொண்ட ஈக்கண். 'இங்கே கண் வேண்டும்' என்ற ஆணை இரு விலங்குக்கும் பொது. எப்படிப்பட்ட கண் என்பதை அந்தந்த விலங்கின் மற்ற மரபணுக்கள் முடிவு செய்கின்றன.

லூயிஸின் ஊகத்துக்கு இதிலேயே சிக்கல் தொடங்குகிறது. ஆணையிடும் மரபணுக்கள் எல்லா விலங்கிலும் முன்பே இருந்தன என்றால், கால் போனதற்கும் சிறகு சுருங்கியதற்கும் புதிய வரவு காரணமாக இருக்க முடியாது. ஹாக்ஸ் மரபணுக்களில் ஒன்றான அல்ட்ராபைத்தோராக்ஸ் தேனீயிலும் உண்டு, பட்டுப்பூச்சியிலும் உண்டு. வளையம்தோறும் கால் உள்ள, வெல்வெட் புழு எனப்படும் ஓனிக்கோஃபோரா உயிர்களிலும் உண்டு. அப்படியானால் மாறியது எது?

சிறகுக்குக் கிடைத்த விடை

முதலில் எழுந்த எண்ணம் எளிமையானது. தேனீயின் பின்சிறகு வளையத்தில் அல்ட்ராபைத்தோராக்ஸ் தூங்கிக்கொண்டிருக்கலாம். ஈயில் மட்டும் அங்கே விழித்திருக்கலாம். பார்த்தபோது அப்படி இல்லை. தேனீ, பட்டுப்பூச்சி இரண்டிலும் அந்த வளையத்தில் அது சுறுசுறுப்பாக வேலை செய்கிறது. ஆனாலும் அங்கே நல்ல பின்சிறகு வளர்கிறது.

எல்.எஸ். சசிதரா ஹைதராபாத்தின் சி.சி.எம்.பி. மையத்திலும் பின்னர் புணேயின் ஐசர் நிறுவனத்திலும் ஹால்டியரையே மையக் கேள்வியாக வைத்து ஆய்வு செய்தவர். சிறகின் வடிவத்தை வரையும் செய்தித் தொடர்களில் எந்தெந்தக் கண்ணியை அல்ட்ராபைத்தோராக்ஸ் துண்டிக்கிறது என்று அவருடைய குழு படிப்படியாகக் கண்டறிந்தது. 2016-இல் 'சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' இதழில் அக்குழு ஈ, இத்தாலியத் தேனீ, பட்டுப்பூச்சி மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டது.

முதல் சோதனை, தேனீயின் அல்ட்ராபைத்தோராக்ஸையும் பட்டுப்பூச்சியினதையும் எடுத்து ஈயின் உடலில் அதிக அளவில் வேலை செய்ய வைப்பது. இரண்டுமே ஈயின் சிறகு வளர்ச்சியை அடக்கின. தேனீயின் உடலில் சிறகை அனுமதிக்கும் அதே புரதம், ஈயின் உடலுக்குள் வந்ததும் சிறகைத் தடுத்தது. ஆகவே, சிறகை அடக்கும் திறனை ஈயின் புரதம் மட்டும் புதிதாகப் பெற்றுவிடவில்லை.

அடுத்த சோதனை, மூன்று பூச்சிகளிலும் அந்தப் புரதம் எந்தெந்த மரபணுக்களின் அருகே டி.என்.ஏ.வில் போய் ஒட்டுகிறது என்று பட்டியலிடுவது. பெரும்பாலான இலக்குகள் ஒவ்வொரு பூச்சிக்கும் தனித்தனி. ஆனால் சிறகை வடிவமைக்கும் மரபணுக்களில் கணிசமானவை 30 கோடி ஆண்டுகளாக மூன்று பூச்சியிலும் பொது இலக்காகவே நீடித்திருந்தன. இவற்றில் பல ஈயில் மட்டும் சிறகில் ஒரு விதமாகவும் ஹால்டியரில் வேறு விதமாகவும் வேலை செய்கின்றன. தேனீயிலும் பட்டுப்பூச்சியிலும் முன்சிறகு, பின்சிறகு என்ற வேறுபாடு அவற்றுக்கு இல்லை. ஆணையிடுபவர் ஒருவரே, ஆணை போய்ச் சேரும் வாசல்களும் பல இடங்களில் அவையே. வாசலில் எழுதியிருந்த குறிப்புகள், அதாவது அந்த மரபணுக்களை இயக்கவும் அணைக்கவும் செய்யும் டி.என்.ஏ. எழுத்துகள், ஈயின் வழியில் மாறியிருந்தன. அந்த மாற்றங்களுக்கு ஹால்டியரின் பிறப்பில் பங்கு உண்டு என்று ஆய்வு காட்டியது.

லூயிஸ் தேடிய 'ஹால்டியர் மரபணு' புதிதாக வந்த ஒன்று அல்ல. பழைய மரபணுவின் சொல்லுக்குக் கீழ்ப்படியும் முறையை மற்ற மரபணுக்கள் மாற்றிக்கொண்டன.

காலுக்குக் கிடைத்த விடை

ஊகத்தின் மற்றொரு பாதிக்கு, அதாவது வயிற்றில் கால் இல்லாமல் போனதற்கு, வேறு விடை கிடைத்தது. இங்கே ஒரு திருத்தம் வேண்டும். பூச்சிகளின் நெருங்கிய உறவு மரவட்டையும் பூரானும் அல்ல, இறாலும் நண்டும் சேர்ந்த ஓடுடைய கூட்டம் என்று மரபணு ஒப்பீடுகள் பின்னர் உறுதி செய்தன. ஆகவே ஒப்பிடத் தக்கது உப்புநீரில் வாழும் ஆர்ட்டீமியா என்ற சிறு உப்பிறால். தூத்துக்குடி உப்பளங்களில் வேலை செய்பவர்களுக்கு இதன் இனம் பழக்கமானது. இறால் குஞ்சு வளர்ப்போருக்குத் தீவனமாகவும் தெரியும்.

2002-இல் 'நேச்சர்' இதழில் இரண்டு குழுக்களின் கட்டுரைகள் வந்தன. ஆர்ட்டீமியாவின் அல்ட்ராபைத்தோராக்ஸை ஈயின் கருவுக்குள் வைத்தபோது, அதனால் ஈயின் புரதத்தைப் போலக் கால் முளைப்பதைத் தடுக்க முடியவில்லை. ஓனிக்கோஃபோராவின் புரதத்தோடு ஒப்பிட்டபோதும் பூச்சியின் புரதத்துக்கே உரிய ஒரு பகுதி தெரிந்தது. பூச்சிகளின் வழியில், புரதத்தின் வால்பகுதியில் அடக்கும் வேலைக்கு முட்டுக்கட்டையாக இருந்த சில இடங்கள் மறைந்தன. அடக்கும் ஆற்றல் கூடியது. அந்த ஆற்றல் காலுக்கு அடித்தளமிடும் டிஸ்டல்-லெஸ் என்ற மரபணுவை வயிற்றில் எழவிடாமல் செய்தது. இங்கே மாறியது ஆணையிடும் புரதமே.

இந்தத் தடை எவ்வளவு நுட்பமாகக் கையாளப்படுகிறது என்பதற்குப் பட்டுப்புழு வளர்ப்போர் அன்றாடம் காணும் சான்று உண்டு. பட்டுப்புழுவுக்கு மார்பில் மூன்று ஜோடிக் கால்கள். அவற்றுக்குப் பின்னால் வயிற்றில் சதைப்பற்றுள்ள நான்கு ஜோடி, வால்முனையில் ஒரு ஜோடி. அந்துப்பூச்சியாகும்போது மார்புக் கால்கள் ஆறு மட்டும் மிஞ்சும். ஓர் அமெரிக்க வண்ணத்துப்பூச்சியின் கருவை ஆராய்ந்தவர்கள் 1994-இல் கண்டது இது: வயிற்றுக்கால் முளைக்க வேண்டிய இடங்களில் மட்டும் அல்ட்ராபைத்தோராக்ஸும் அதன் பக்கத்து மரபணுவும் அணைந்துபோகின்றன, உடனே அங்கே டிஸ்டல்-லெஸ் எழுகிறது. பட்டுப்புழுவிலேயே, இந்த இரண்டு மரபணுக்களும் இல்லாத ஒரு பிறழ்வில் கருவின் வயிற்று வளையங்களில் மார்புக்கால் போன்ற கால்கள் முளைப்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1992-இல் விளக்கினார்கள். கால் செய்யும் ஆற்றல் எல்லா வளையத்திலும் உறங்குகிறது. அனுமதிதான் வளையத்துக்கு வளையம் வேறுபடுகிறது.

மண்ணுளியும் ஆறாம் விரலும்

சமவெளியின் மண்ணுளிப் பாம்பைத் திருப்பிப் பார்த்தால், வால் தொடங்கும் இடத்தில் மலத்துளையின் இருபக்கமும் மிகச் சிறிய முள் தெரியும். மலைப்பாம்பில் அது இன்னும் தெளிவு. அவை பின்னங்கால்களின் மிச்சம். கால் உள்ள முன்னோரிலிருந்து பாம்பு வந்ததற்குப் பாறையிலும் சான்று உண்டு. அர்ஜென்டினாவில் கிடைத்து 2006-இல் விவரிக்கப்பட்ட நஜாஷ் என்ற பாம்பின் படிமத்தில் இடுப்பெலும்பும் பின்னங்கால்களும் இருக்கின்றன.

கால் வளர சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்ற மரபணு வேண்டும். ஆனால் அதே மரபணு மூளைக்கும் முதுகுத்தண்டுக்கும் முகத்துக்கும் வேண்டும். அது முழுதாகக் கெட்டால் எலிக்கரு ஒற்றைக்கண்ணோடு வளர்ந்து பிழைக்காமல் போகும். கால் வேண்டாம் என்பதற்காக எந்த உயிரும் இந்த மரபணுவை இழக்க முடியாது. வீட்டில் ஓர் அறையின் விளக்கை அணைக்க மெயினை இறக்குவதில்லை. அந்த அறையின் சுவிட்சைத் தட்டுகிறோம். இந்த மரபணுவுக்கும் உறுப்புக்கு ஒரு சுவிட்ச் உண்டு. கால்களுக்கான சுவிட்ச் மரபணுவிலிருந்து ஏறக்குறைய பத்து லட்சம் எழுத்து தள்ளி, வேறொரு மரபணுவின் வயிற்றுக்குள் அமர்ந்திருக்கிறது. நீளம் சுமார் 800 எழுத்து. பெயர் இசட்.ஆர்.எஸ்.

அந்தச் சுவிட்ச் முதலில் மருத்துவர்களின் கவனத்துக்கு வந்தது ஆறாம் விரலால். ஆறு விரலோடு பிறக்கும் பிள்ளையை அதிர்ஷ்டசாலி என்று நம் ஊரில் சொல்வார்கள். ஆறாம் விரலுக்குக் காரணங்கள் பல. கட்டைவிரல் பக்கம் கூடுதல் விரல் வரும் சில குடும்பங்களில், இசட்.ஆர்.எஸ்.ஸின் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பதை எடின்பரோவின் லாரா லெட்டிஸும் ராபர்ட் ஹில்லும் 2003-இல் காட்டினார்கள். நாட்டுக்கோழிக்குக் காலில் நான்கு விரல்; சில்க்கி என்ற கோழிக்கு ஐந்து. அதற்கும் காரணம் இதே சுவிட்சில் நேர்ந்த ஓர் எழுத்து மாற்றம்.

2016-இல் அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தின் குழு, எலியின் இசட்.ஆர்.எஸ்.ஸை எடுத்துவிட்டு மனிதனுடையதை வைத்தது. எலிக்கு இயல்பான கால்கள் வந்தன. மீனுடையதை வைத்தபோதும் கால்கள் வந்தன. மலைப்பாம்புடையதையும் நாக வகையினதையும் வைத்தபோது கால்கள் குட்டையான குச்சிகளாக நின்றுவிட்டன. பாம்பின் சுவிட்சில் காணாமல்போன 17 எழுத்துகளை மலைப்பாம்பின் சுவிட்சில் திரும்பச் சேர்த்ததும் எலிக்குக் கால் மீண்டும் வளர்ந்தது. முள் மிச்சம் வைத்திருக்கும் மலைப்பாம்பு, போவா வகைகளில் இந்தச் சுவிட்ச் ஓரளவு அடையாளம் தெரியும்படி இருக்கிறது. முள்ளும் இல்லாத பாம்புகளில் அது மேலும் சிதைந்துவிட்டது. மண்ணுளியும் போவா உறவே. அதே ஆண்டில் பிரான்சிஸ்கா லீல், மார்ட்டின் கோன் இருவரும், மலைப்பாம்பின் கருவில் சோனிக் ஹெட்ஜ்ஹாக் சிறிது நேரம் எழுந்து உடனே அணைவதைக் காட்டினார்கள். கால் கட்டும் வேலை இன்றும் தொடங்குகிறது; முடிவதில்லை.

பாம்பின் நீளத்துக்கும் புதிய மரபணு தேவைப்படவில்லை. முதுகெலும்பின் கண்டங்கள் கருவில் ஒன்றன்பின் ஒன்றாக ஒரு கடிகாரத் துடிப்பில் வெட்டப்படுகின்றன. எலியில் 65, கோழியில் 55, சோளப்பாம்பு என்ற அமெரிக்கப் பாம்பில் 315. வளர்ச்சியின் வேகத்தோடு ஒப்பிட, பாம்பின் கடிகாரம் மிக விரைவாகத் துடிக்கிறது என்று 2008-இல் கண்டார்கள். கருவி அதுவே, தாளம் மட்டும் வேறு.

பிரதிகளின் பங்கு

இதுவரை சொன்னதை வைத்து, மரபணுக்கள் பெருகியதற்கு உடல் வரலாற்றில் பங்கே இல்லை என்று நினைத்தால் தவறு. 1970-இல் சுசுமு ஓனோ தன் நூலில், மரபணு இரட்டிப்பதே பரிணாமத்துக்கு மூலப்பொருள் தருகிறது என்று வாதிட்டார். ஒரு பிரதி பழைய வேலையைக் காக்கும், மற்றது புதியதைத் தேடும்.

ஹாக்ஸ் வரிசை இதற்கு நல்ல சான்று. முதுகெலும்பு இல்லாத ஆம்ஃபியாக்ஸஸ் என்ற கடலுயிரிடம் ஒரே வரிசை. மனிதனிடம் நான்கு வரிசைகள், மொத்தம் 39 மரபணுக்கள், நான்கு வெவ்வேறு குரோமோசோம்களில். முதுகெலும்பிகளின் தொடக்கத்தில் மரபணுத் தொகுதி முழுவதும் இரண்டு முறை இரட்டித்ததன் தடம் அது. எலும்பு மீன்களில் பெரும்பாலானவற்றின் முன்னோரில் இன்னொரு முறையும் இரட்டித்தது. நம் நாட்டு ஓடைகளிலிருந்து உலக ஆய்வகங்களுக்குப் போன வரிக்குதிரை மீனிடம் அதனால் ஏழு வரிசைகள் உள்ளன. கூடுதல் பிரதிகள் இருந்ததால், ஒரு பிரதி பழைய கடமையில் நிற்க, இன்னொன்று கைகால் போன்ற புதிய இடங்களில் பயன்பட வழி பிறந்தது. புதிய மரபணுக்கள் சேர்ந்தே உடல் மாறியது என்ற லூயிஸின் உள்ளுணர்வு முற்றிலும் தவறல்ல. அவர் எதிர்பார்த்த இடத்தில் அது நிகழவில்லை, அவ்வளவே.

எது முதன்மை?

உடல் வடிவ மாற்றம் பெரும்பாலும் சுவிட்சுகளின் மாற்றமே என்று ஷான் கரோல் போன்றோர் வலுவாக வாதிட்டார்கள். 2007-இல் ஹோபி ஹொக்ஸ்ட்ராவும் ஜெர்ரி காய்னும் அதை மறுத்தார்கள்: புரதமே மாறியதால் வந்த தகவமைப்புகள் ஏராளம், சுவிட்சுக்கு முதலிடம் தரப் போதிய சான்று இன்னும் சேரவில்லை. 2010-இல் ஸ்டிக்கிள்பேக் என்ற மீனின் இடுப்பு முள் மறைந்ததற்கு ஒரு சுவிட்ச் அழிந்ததே காரணம் என்று டேவிட் கிங்ஸ்லியின் குழு நிறுவியது முதல் தரப்புக்கு வலுச் சேர்த்தது.

இரு தரப்பும் பேசும் மாற்றங்கள் ஒரே வகையல்ல என்பது என் கருத்து. குளிர்காலத்தில் திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்துக்கு வரித்தலை வாத்துகள் வருகின்றன. இமயமலையைக் கடந்து வரும் பறவை அது. காற்று மெலிந்த உயரத்தில் உயிர்வாயுவைப் பற்றிக்கொள்ள அதன் ரத்தச் சிவப்புப் புரதத்தில் நேர்ந்த அமினோ அமில மாற்றங்கள் உதவுகின்றன. ரத்தத்தில் ஒரே வேலை செய்யும் புரதத்தை மாற்றினால் விளைவும் ரத்தத்தோடு நிற்கும். ஹாக்ஸும் சோனிக் ஹெட்ஜ்ஹாக்கும் அப்படியல்ல. பத்து உறுப்புகளில் பத்து வேலை செய்யும் மரபணுவைத் தொட்டால் பத்தும் ஆடும். அங்கே மாற்றம் பெரும்பாலும் ஒரு சுவிட்சுக்குள் அடங்க வேண்டியிருக்கிறது. அல்ட்ராபைத்தோராக்ஸ் புரதமே மாறியது இந்தப் பொதுப்போக்குக்கு விலக்கு. ஆனால் அந்த மாற்றமும் புரதத்தின் ஓர் ஓரத்தில் நிகழ்ந்தது, டி.என்.ஏ.வைப் பிடிக்கும் 60 அமினோ அமிலக் கை அசையவில்லை. பல வேலைகள் தாங்கும் மரபணு எப்படி மாறினாலும், மற்ற வேலைகள் கெடாத மூலையிலேயே மாறுகிறது. மூன்று கதைகளையும் இணைப்பது இந்த ஒன்றே.

நம் மலையும் நம் மண்ணும்

செம்பட்டிக்கு மேற்கே தெரியும் பழனிமலையில் கேடயவால் பாம்புகள் வாழ்கின்றன. கூரிய தலை, வெட்டி வைத்தது போன்ற வால், மண்ணுக்குள் வாழ்க்கை. தென்னிந்தியாவையும் இலங்கையையும் தவிர உலகில் வேறெங்கும் இந்தக் குடும்பம் இல்லை. அதில் ஒன்றுக்குப் பழனிமலையின் பெயரையே வைத்து 1863-இல் ரிச்சர்ட் ஹென்றி பெட்டோம் விவரித்தார். இலங்கையின் நெஸ்ஸியா அரணைகளில் ஒரே பேரினத்துக்குள் இரண்டு விரல், ஒரு விரல், காலே இல்லாதது என்று படிகள் கண்முன் நிற்கின்றன. பல்லி, அரணை வகைகளில் கால் குறைவது உலகெங்கும் இருபது முறைக்கும் மேல் தனித்தனியே நிகழ்ந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் அதே சுவிட்ச் கெட்டதா, வேறு வழி கிடைத்ததா என்று சோதிக்க இயற்கை நம் வாசலிலேயே பொருளை வைத்திருக்கிறது. செம்பட்டிக்குப் பக்கத்தில் காந்திகிராமத்தில் ஒரு பல்கலைக்கழகம் உண்டு. மதுரையும் தொலைவில் இல்லை. மேலைநாட்டுப் பாம்பையும் எலியையும் பாடத்தில் படிக்கும் நம் மாணவர்களுக்கு நம் மலையின் பாம்புகளை ஆய்வுப் பொருளாகக் கொடுக்க வேண்டும்.

பள்ளி ஆசிரியர்களுக்கு ஆய்வகமே தேவையில்லை. செத்த ஈ ஒன்றையும் தேனீ ஒன்றையும் உருப்பெருக்கிக்குக் கீழே பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஹால்டியர் எங்கே என்று பிள்ளைகளைத் தேடச் சொன்னால் போதும். முப்பது கோடி ஆண்டு வரலாறு அந்தக் குண்டூசித் தலையில் இருக்கிறது.

மண்ணுளிக்கு இரண்டு தலை என்றும், வீட்டில் இருந்தால் செல்வம் சேரும் என்றும் சொல்லிப் பெருந்தொகைக்கு விற்கிறார்கள். பயந்து அடித்துக் கொல்பவர்களும் உண்டு. அதன் ஒரு முனை தலை, மறுமுனை மழுங்கிய வால். அதற்கு நஞ்சு கிடையாது. வயலில் எலியைத் தின்று உழவருக்கு உதவுகிறது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதைக் காக்கிறது. அதன் வாலடியில் உள்ள இரண்டு முள்ளும் ஒருகாலத்தில் கால்களாக இருந்தவை. உழும்போது அது கண்ணில் பட்டால் வரப்போரம் விட்டுவிடுங்கள்.